இக்னேசியஸ் வீட்டுப் பழைய வைன்

இக்னேசியசுக்குப் பொய் சொல்ல வராது. தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது பெரிய நற்குணமாகத் தெரியும். பக்கத்தில் இருந்து பட்டவர்களைக் கேட்டால்தான் அதன் அருமை விளங்கும். கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பன் வந்து சாப்பாடு எப்படி என்று கேட்டால், சோறு குழைந்துவிட்டது என்பான். புதிதாகக் கார் வாங்கியவன் ஆசையோடு கொண்டுவந்து நிறுத்தினால், ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்கதவு ஏற்கெனவே அடிபட்டுத் திருத்திய கதவு என்பான். இத்தனைக்கும் மனதில் துளி விஷம் கிடையாது. கேட்டார்கள், சொன்னான், அவ்வளவுதான். சச்சிதானந்தனுக்கு இந்த மனிதன்மேல் பழகிய நாளில் இருந்தே ஒரு வியப்பு. தான் நாளாந்தம் அவிழ்த்துவிடும் சின்னச் சின்னப் பொய்களை நினைத்தால் அந்த வியப்பு இன்னும் கூடும்.

எண்பத்தாறாம் ஆண்டு ஸ்காபரோவில், வோபர்ன் பகுதியில் ஓர் அப்பார்ட்மென்டில் மூன்று பேரும் ஒன்றாக இருந்தார்கள். பாசையூர் இக்னேசியஸ், மன்னார் அலெக்ஸாண்டர், வட்டுக்கோட்டைச் சச்சிதானந்தன். மெத்தை இரண்டுதான். இரவு வேலைக்குப் போகிறவன் எழும்பினால் பகல் வேலைக்காரன் அந்தச் சூட்டிலேயே படுப்பான். பிறகு மனைவிமார் வந்து சேர்ந்தார்கள், தனித்தனி வீடுகள் ஆயின. அலெக்ஸாண்டர் இன்சூரன்ஸ் விற்கப் போனான். அவன் வாய்க்கு அதைவிட்டால் வேறு தொழில் இல்லை. சச்சிதானந்தன் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நிலைத்தான். இக்னேசியஸ் டொன் மில்ஸ் பக்கம் ஒரு பெரிய அப்பார்ட்மென்ட் கட்டடத்துக்குச் சுப்பரின்டென்டன்ட் ஆனான். குழாய் ஒழுகினாலும் லிப்ட் நின்றாலும் அவன்தான். வெக்ஸ்போர்டில் ஒரு சின்ன வீடும் வாங்கினான்.

வைன் வந்தது அந்தக் கட்டடத்தில் இருந்துதான். ஒன்பதாம் மாடியில் மக்கின்ரயர் என்று ஒரு கிழவர், மனைவியை இழந்தவர். விமானக் கம்பனி ஒன்றில் எஞ்சினியராக இருந்த காலத்தில் கலிபோர்னியாவுக்கு அடிக்கடி போய்வந்தவர். போகும்போதெல்லாம் நாப்பாப் பள்ளத்தாக்கில் இருந்து போத்தல் போத்தலாகக் கொண்டுவந்து கீழ்த்தளத்துக் குளிர்ந்த ஸ்டோர் அறையில் படுக்கவைத்திருந்தார். தொண்ணூற்றொன்றில் முதியோர் இல்லத்துக்குப் போக நேர்ந்தபோது, தன் சாமான்களை ஏற்றி இறக்கிக் கொடுத்த இக்னேசியசிடம் அந்தப் பெட்டிகளைக் காட்டி, இதைக் கொண்டுபோய் உன் சிநேகிதர்களோடு குடி என்றார். எழுபத்து நாலாம் வருடத்துச் சிவப்பு வைன் ஆறு போத்தல் உள்ள ஒரு பெட்டி, சாப்பாட்டுக் கடைசியில் குடிக்கிற இனிப்பு வைன் இன்னொரு பெட்டி, வேறும் சில.

முதல் போத்தலுக்கு நடந்த அநியாயத்தை இன்றைக்கு நினைத்தாலும் எமில்டா தலையில் அடித்துக்கொள்வாள். எமில்டா இக்னேசியசின் மனைவி. அன்று ஆட்டிறைச்சியை உறைக்கப் பிரட்டி டெவில் பண்ணி, செத்தல் மிளகாயை அள்ளிப் போட்டு, குடிக்கும்போது கடிக்கப் பைற்ஸ் செய்தவளும் அவள்தான். நம்மவர்களுக்குப் போத்தல் என்றால் பைற்ஸ், பைற்ஸ் என்றால் உறைப்பு. அலெக்ஸாண்டர் ஒரு வாய் குடித்துவிட்டு, என்ன மச்சான் துவர்க்குது என்று சொல்லி எல்லாக் கிளாசுக்கும் ஜிஞ்சர் ஏல் சோடாவை ஊற்றினான். மேலே ஐஸ். அடியில் கிடந்த மண்டியைக் கண்டு, பழுதாய்ப் போச்சுப் போல என்று மிச்சத்தைச் சிங்கில் ஊற்றியவன் சச்சிதானந்தன். பதினேழு வருடம் இருட்டில் காத்திருந்த வைன் குசினிக் குழாய் வழியே ஒன்ராறியோ ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த கிழமை இக்னேசியஸ் முதியோர் இல்லத்துக்கு நன்றி சொல்லப் போனான். வைன் எப்படி இருந்தது என்று கிழவர் கேட்டார். வேறு யாராக இருந்தாலும் வெரி குட் சேர் என்று சொல்லித் தப்பியிருப்பான். இவன் ஜிஞ்சர் ஏல் விட்டுக் குடித்தோம், மிச்சத்தை ஊற்றிவிட்டோம் என்றான். கிழவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, தாதி ஓடிவந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். என் மனைவி செத்த பிறகு எனக்கு முதல் உண்மை சொன்னவன் நீதான் என்றாராம். இக்னேசியஸ் வெட்கப்பட்டு வீட்டுக்கு வந்தான். வந்தவன் சும்மா இருக்கவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்தான், பேஸ்மென்டில் வெயிலும் சூடும் படாத மூலையைப் பார்த்துப் பெட்டிகளை வைத்தான், போத்தல்களைப் படுக்கவைத்தான். யாருக்கும் தெரியவேண்டும் என்று இல்லை. தான் அறியாமல் ஒன்றைப் பாழாக்கிவிட்டோம் என்ற உறுத்தல்தான்.

அதில் இருந்து வருடத்துக்கு ஒரு நாள், ஒக்டோபரில் நன்றியறிதல் விடுமுறைக்கு அடுத்த சனிக்கிழமை மத்தியானம், இக்னேசியஸ் வீட்டில் வைன். ஒரு சிவப்பு, ஒரு இனிப்பு, அதற்கு மேல் கிடையாது. அன்று காலையில் இருந்து மூன்று வீட்டிலும் மிளகாய் தொடக்கூடாது. இடியப்பமும் உறைப்பில்லாத சொதியும் தின்றுவிட்டு வரவேண்டும். ஆட்டிறைச்சி எல்லாம் வைன் முடிந்த பிறகு. இக்னேசியஸ் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி, போத்தல் கழுத்தை அந்த வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மண்டி கழுத்துக்கு வரும் இடத்தில் கையை நிறுத்துவான். பூசை வைக்கிறார் என்று எமில்டா பகிடி பண்ணுவாள். அவன் போட்ட சட்டம் ஒன்றுதான். நல்லாயிருக்கு என்று யாரும் சொல்லக்கூடாது. எதைப்போல இருக்கிறது என்று சொல்லவேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லவேண்டும். அலெக்ஸாண்டர் ஒரு முறை புளித்த தோசைமா என்றான், அதையும் இக்னேசியஸ் மரியாதையாகக் கேட்டு, இன்னொரு வாய் குடித்துப் பார்த்து, ஓம், கொஞ்சம் இருக்கு என்றான்.

மூவரிலும் கூர்மையான நாக்கு சச்சிதானந்தனுடையது. அதை முதலில் கண்டுபிடித்ததும் இக்னேசியஸ்தான். சச்சி சொன்னால் சரி என்று வெளிப்படையாகவே சொல்வான். இக்னேசியஸ் வாயால் ஒரு பாராட்டுக் கிடைத்தால் அது கல்லில் எழுதியதுதான் என்பதால் சச்சிதானந்தனுக்கு அந்தச் சனிக்கிழமைகள் தீபாவளியை விடப் பெரிதாக இருந்தன.

தொண்ணூற்றைந்தில் அந்த நாக்குக்கே வினை வந்தது. மூக்குக்குப் பின்னால், தொண்டை தொடங்குகிற இடத்தில் ஒரு கட்டி. ரேடியேசன் கொடுத்தால் ஆள் தப்பலாம், ஆனால் ருசியும் மணமும் போகும் என்றார் டொக்டர். சிலருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வரும், அதற்குள் வராவிட்டால் வராது என்றே எண்ணிக்கொள்ளவேண்டும் என்றார். செப்டெம்பரில் ரேடியேசன் தொடங்குவதாக இருந்தது. சச்சிதானந்தன் இக்னேசியசுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னான்.

"இந்தச் சனிக்கிழமை வா. காலமை உறைப்புத் தின்னாதை" என்று மட்டும் சொல்லிவிட்டு இக்னேசியஸ் போனை வைத்தான்.

அன்று திறந்தது எழுபத்து நாலாம் வருடத்துச் சிவப்பு. அந்தப் பெட்டியில் மிச்சம் இருந்தவை இரண்டே. ஒன்றைத் திறந்தான். மற்றதை, அப்போதுதான் வீடு வாங்கியிருந்த அலெக்ஸாண்டரிடம் குடிபூரலுக்குக் கொடுத்தான். சச்சிதானந்தன் கிளாசை மூக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். "நல்லா முத்தின நாவற்பழம்" என்றான். "பிறகு பழைய சப்பாத்துக் கடை. விழுங்கினாப் பிறகு ஒரு சுருட்டுப் பெட்டி மணம்." இக்னேசியஸ் அவனையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுத் தன் கிளாசில் இருந்ததையும் அவன் கிளாசில் ஊற்றினான். அந்த ஊற்றலில் இருந்தது ஆறுதல் எல்லாம்.

ரேடியேசன் ஆளைக் காப்பாற்றியது. நாக்கைக் காப்பாற்றவில்லை. குழாயால் கஞ்சி குடித்த மாதங்கள் கழிந்து, முதல் முறையாக வாயால் விழுங்க முடிந்த நாளில் மனைவி குணவதி புட்டும் மீன்குழம்பும் வைத்து, அவன் முன்னால் நின்று முகத்தையே பார்த்தாள். அவன் வாயில் இருந்தது ஈரமான மரத்தூள். அவள் முகத்தில் இருந்ததோ அத்தனை மாதமும் அவள் ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்த களைப்பு முழுவதும். "அருமையா இருக்கு" என்றான். குணவதி பிரிஜ் பக்கம் திரும்பி நின்று அழுதாள். அதற்குப் பிறகு எந்த வாயால் உண்மை சொல்வது? உப்புக் காணுமோ, போதுமோ என்று கேட்பாள், அளவு கணக்கு என்பான். புளி கூடிவிட்டதோ என்பாள், இல்லை, நல்ல பதம் என்பான். அவள் இன்னும் ஒரு அகப்பை போடுவாள். பல் துலக்கும் பசைகூட வாயை எரித்த காலம். அந்த எரிவையும் உறைப்பென்று பேர் சொல்லிச் சமாளித்தான்.

இப்படியே ஒரு வருடம் முடிகிற தறுவாயில் தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒக்டோபர் வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தான். ருசி திரும்பிவிட்டது என்று குணவதி சொல்லி அவர்களும் நம்பியிருந்தார்கள். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லவேண்டும். சொன்னால் இக்னேசியஸ் அதோடு போத்தல் திறப்பதையே நிறுத்திவிடுவான் என்பது நிச்சயம். எப்படியும் சமாளிக்கலாம் என்று குணவதியையும் கூட்டிக்கொண்டு போனான்.

அலெக்ஸாண்டர் முந்திக்கொண்டு வந்திருந்தான். கையில் அந்த எழுபத்து நாலாம் வருடத்துக் கடைசிப் போத்தல். "குடிபூரலுக்குத் திறக்க மனம் வரேல்லை மச்சான். சச்சி சுகமாகி வந்த பிறகு சேர்ந்து குடிப்பம் எண்டு வைச்சிருந்தனான்" என்றான். நல்ல மனம்தான், யார் இல்லை என்றது? ஆனால் வைத்திருந்த இடம் எது தெரியுமா? அவன் வீட்டு ஹோலில் இருந்த கண்ணாடி ஷோகேஸ். ஸ்காபரோவில் எந்தத் தமிழ் வீட்டிலும் உள்ள ஷோகேஸ்தான். ஒரு பக்கம் குழந்தை இயேசு, ஒரு பக்கம் பிள்ளைகளின் கோப்பைகள், நடுவில் வெளிநாட்டுப் போத்தல், அதன்மேல் பகலும் இரவும் எரியும் ஒரு மஞ்சள் பல்ப். வருகிறவர்கள் லேபலைப் பார்க்கவேண்டாமா? நிமிர்த்தி வைத்திருந்தான். மூடித் தக்கை காய்ந்து சுருங்கி, பல்ப் சூட்டில் ஒரு வருடம் வெந்து, உள்ளே இருந்த வைன் எந்தக் கதிக்கு ஆளாயிற்றோ கர்த்தருக்கே வெளிச்சம்.

இக்னேசியஸ் இனிப்பு வைன் எடுக்கப் பேஸ்மென்டுக்கு இறங்கிப் போயிருந்தான். அலெக்ஸாண்டருக்குப் பொறுமை இல்லை. அவனே திறந்தான். சளியும் தடிமனும் பிடித்து மூக்கு அடைத்திருந்ததால் அவனுக்கு ஒரு மணமும் பிடிபடவில்லை. "முதல் வாய் சச்சிக்குத்தான். செத்துப் பிழைச்சு வந்தவன்" என்று ஊற்றிக் கொடுத்தான்.

சச்சிதானந்தன் லேபலைப் பார்த்தான். அதே பெட்டி, அதே வருடம். மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னான். கிளாசைச் சுழற்றி, மூக்கில் வைத்து, ஒரு வாய் குடித்து, கண்ணையும் மூடினான். வாய் எரிந்தது. எதைக் குடித்தாலும்தான் எரிகிறதே.

"நல்லா முத்தின நாவற்பழம்" என்றான். "பிறகு அந்தப் பழைய சப்பாத்துக் கடை. கடைசியிலை சுருட்டுப் பெட்டி. போன வருசத்தை விட இன்னும் இறங்கியிருக்கு மச்சான். இப்பதான் பதம்."

அலெக்ஸாண்டர் பூரித்துப்போனான். குசினி வாசலில் எமில்டாவோடு நின்ற குணவதி புருஷனைப் பெருமையோடு பார்த்தாள். பேஸ்மென்ட் படியில் ஏறி வந்த இக்னேசியஸ் கடைசிச் சொற்களைக் கேட்டுக்கொண்டே வந்தான். சச்சியின் கிளாசை வாங்கி மூக்குக்குக் கொண்டுபோனான். கை பாதியில் நின்றது. ஆனாலும் நியாயமாக ஒரு துளி வாயில் விட்டுப் பார்த்தான்.

மற்றவன் என்றால் அந்த இடத்தில் சிரித்து மழுப்பியிருப்பான். ஒரு நோயாளியின் மானத்துக்காக இந்த ஒரு தடவை பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? சச்சிதானந்தன் அவன் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. பெரிய பயம் ஒன்று இருந்தது.

"இது வினாகிரி. புளிச்சுப் போச்சு" என்றான் இக்னேசியஸ்.

எமில்டா வந்து மணந்து பார்த்துவிட்டு மெல்லத் தலையாட்டினாள். இக்னேசியஸ் ஒரு கதிரையை இழுத்துச் சச்சிதானந்தனுக்கு முன்னால் போட்டு, முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தான்.

"எப்ப தொடக்கம் ருசி இல்லை?"

"எல்லா நாளும்தான். ஒண்டும் திரும்பி வரேல்லை."

அந்தக் கணத்தில் இக்னேசியஸ் மேல் வந்த ஆத்திரம் சச்சிதானந்தனுக்கு வாழ்நாளில் யார் மேலும் வந்ததில்லை. அடுத்த கணமே நெஞ்சில் இருந்து ஒரு சாக்குமூட்டை இறங்கியதுபோல இருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு சொன்ன முதல் உண்மை. இந்த மனிதனுக்கு முன்னால்தான் அதைச் சொல்ல முடியும் போலும்.

"அப்ப நேற்றையான் கணவாய்க் கறி?" குணவதியின் குரல் குசினி வாசலில் இருந்து வந்தது. "உப்புக் கூடிப்போச்சோ எண்டு கேட்டன். கணக்கா இருக்கு எண்டியள்."

"நீர் முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனீர், குணம்."

அவள் திரும்பிக் குசினிக்குள் போனாள். எமில்டா மேசையில் இருந்த போத்தலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். "பண்டி இறைச்சிக்கு உதவும்" என்று அலெக்ஸாண்டரிடம் சொன்னது அவனைத் தேற்றத்தான். அவன் தேறவில்லை. ஷோகேஸ் பல்ப்பை இன்றைக்கே கழற்றுகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இருந்தான்.

இக்னேசியஸ் எழும்பி இனிப்பு வைனைத் திறந்தான். கொடியிலேயே வாட விட்டுப் பிந்திப் பறித்த றீஸ்லிங் திராட்சை, எழுபத்தெட்டாம் வருடம். தேன்போலக் கறுத்த பொன்நிறம். அந்த வகையில் அது ஒன்றுதான் மிச்சம்.

"எனக்கு வேண்டாம். வீணாப் போடும்" என்றான் சச்சிதானந்தன்.

"வீணாப் போறது என்ரை வைன். உனக்கென்ன? விழுங்காமல் வைச்சிரு. வாய் முழுக்கப் படட்டும். ஒண்டுமில்லை எண்டால் ஒண்டுமில்லை எண்டு சொல்லு."

வாயில் வைத்திருந்தான். மரத்தூள். எரிவு. இன்னும் வைத்திருந்தான். நாக்கின் நுனியில், ஒரு ஓரத்தில், என்னவோ ஒன்று கிடந்து மினுங்கியதுபோல இருந்தது. விழுங்கியதும் போய்விட்டது. மறுபடியும் ஒரு வாய். மறுபடியும் அதே ஓரத்தில்.

"இனிப்பு மாதிரி ஏதோ..." என்றவன் நிறுத்திக்கொண்டான். "இல்லை மச்சான். இனிப்பு வைன் எண்டு தெரிஞ்சதாலை எனக்கு அப்பிடித் தெரியுது. ஒரு வருசமாப் பொய் சொல்லிச் சொல்லி என்ரை நாக்கை நானே நம்பேலாமல் கிடக்கு."

குணவதி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் ஒரு தட்டு, அதில் இரண்டு சின்னக் கிளாஸ்.

"இக்னேசியஸ் அண்ணை, அந்தப் போத்தலைத் தாங்கோ. எமில்டா அக்கா மீனுக்கு விடுற வெள்ளை வைனும் இருக்கு, அதிலை இனிப்பில்லையாம். இவர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கட்டும். எதிலை இனிப்பு எண்டு சொல்லட்டும்."

சட்டம் போடுகிறவன் இக்னேசியஸ். ஆனால் இவள் சொன்னதும் எழும்பிப் போத்தலைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டான். சச்சிதானந்தன் கண்ணை மூடினான். முதல் கிளாஸ் உதட்டுக்கு வந்தது. காத்திருந்தான். "இதிலை இல்லை." இரண்டாவது வந்தது. நாக்கு நுனி மினுங்கியது. "இதிலை இருக்கு."

அலெக்ஸாண்டர் கைதட்டினான்.

"பேசாமல் இருங்கோ அலெக்ஸாண்டர் அண்ணை" என்றாள் குணவதி. "ரெண்டிலை ஒண்டைச் சொல்லுறது பெரிய காரியமில்லை. இன்னொருக்கா. கண்ணைத் திறக்காதேங்கோ."

அவள் குசினிக்குப் போய் வரும்வரை சச்சிதானந்தன் இருட்டில் இருந்தான். முதல் கிளாஸ். வெறும் எரிவு. சரி, அப்படியென்றால் மற்றதில்தான். இரண்டாவது கிளாஸ். வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். நாக்கைச் சுழற்றினான். ஒன்றும் இல்லை. இன்னும் காத்திருந்தான். ஒன்றுமே இல்லை. வந்தது எல்லாம் வெறும் நினைப்புத்தான் போல.

இரண்டாவது என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. முதலாவதில் இல்லை என்றால் இரண்டாவதில் இருக்கத்தானே வேண்டும்? சொன்னால் அலெக்ஸாண்டர் துள்ளுவான், குணவதி சிரிப்பாள், எல்லோரும் சந்தோசமாக ஆட்டிறைச்சி தின்னலாம். ஒரு வருடமாகப் பழகிய வித்தைதானே. எதிர்ச் சுவரோரம் இக்னேசியஸ் மூச்சுவிடுவது கேட்டது.

"ரெண்டிலையும் இல்லை" என்றான் சச்சிதானந்தன். "மன்னிச்சுக்கொள்ளும் குணம். ஒண்டுமே தெரியேல்லை."

கண்ணைத் திறந்தான். தட்டில் இருந்த இரண்டு கிளாசிலும் பச்சைத் தண்ணீர்போல வெளிறிய அந்த மீன் வைன்தான் இருந்தது. பொன்நிறம் மருந்துக்கும் இல்லை. குணவதி இரண்டிலும் அதையே ஊற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. இரண்டிலும் இல்லை என்று சொன்னதே சரி, அப்படியென்றால் முதலில் வந்த இனிப்பும் நிசம். இக்னேசியஸ் தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான். பத்து வருடத்தில் அந்த மனிதன் அழுது சச்சிதானந்தன் கண்டதில்லை. ஊரில் இருந்து சாவுச் செய்தி வந்த நாட்களில்கூட அவன் குசினிக்குள் போய்ச் சோறு வடித்தவன்.

குணவதி தட்டை வைக்க இடம் தேடினாள். எமில்டா வந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

"இனிப்பு மட்டும்தான் குணம்" என்றான் சச்சிதானந்தன். "உப்பு, புளி, உறைப்பு ஒண்டும் இன்னும் இல்லை. வருமோ தெரியாது."

குணவதி அவன் முன்னால் கிடந்த கதிரையில் இருந்தாள். முந்தானையால் அவன் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

"வாறதைச் சொல்லுங்கோ" என்றாள். "வராததையும் சொல்லுங்கோ."